தண்ணீர் வருமுன் தாமான்தோறும் எழுவோம்!

தோழர்களே!

மழை வரப்போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன்னும் பின்னும் சாயங்கால இடிமழை. வானம் கறுத்தால் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். சோபாவைத் தூக்கி மேசைமேல் வைக்கிறோம். பிறகு சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

காத்திருந்தது போதும்!

கேள்வி ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் ஏறும் முதல் மணி நேரத்தில் நம் தெருவில் யார் என்ன செய்வது?

யார் எந்தக் கதவைத் தட்டுவது? படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டியை யார் தூக்குவது? எந்த வழியாகத் தூக்குவது? எங்கே கொண்டுபோவது? அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

பதில் சொல்லுங்கள், தோழர்களே. இப்போதே சொல்லுங்கள். இரவு 2 மணிக்குச் சொல்ல முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

பதில் இல்லையென்றால், 2021-இல் நின்ற இடத்தில்தான் இன்னமும் நிற்கிறோம்.

2021-ஐ மறக்காதீர்கள். மறக்கவும் விடாதீர்கள்!

டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று அரசாங்க அதிகாரிகளே சொன்னார்கள். கூட்டரசு நெடுஞ்சாலை பத்து தீகாவில் மூழ்கியது. லோரிகளும் கார்களும் வரிசை வரிசையாகத் தண்ணீரில் நின்றன. ஷா ஆலம் செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம். தண்ணீர் வாசலைத் தாண்டியது. சன்னலைத் தாண்டியது. மாடிக்கு ஓடினோம். மாடி இல்லாதவர்கள் கூரைக்கு ஏறினார்கள்.

கூரையில் உட்கார்ந்து போன் அடித்தோம். மணி அடித்தது. பல நேரம் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். ஓர் இரவு போனது. இன்னோர் இரவும் போனது. போனில் பேட்டரி போனது. குடிக்கத் தண்ணீர் இல்லை. பாலுக்கு அழுத குழந்தைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

யார் வந்தது? மீன்பிடிப் படகை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் வந்தார்கள். கயாக் வைத்திருந்த இளைஞர்கள் வந்தார்கள். யாரென்றே தெரியாத மலாய்க்காரத் தம்பி, சீன அண்ணன், சீக்கியச் சகோதரர். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் அடுப்பு அணையவே இல்லை. ஆயிரக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலங்கள் அங்கிருந்து கிளம்பின. மக்களை மக்கள் காப்பாற்றினார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. நெஞ்சு எரியவும் செய்கிறது. ஏனென்றால் அந்தப் படகுகள் வந்தது தற்செயல். ஒருவர் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் தெரிந்தவரைக் கூப்பிட்டு, அப்படி வந்தவை. எந்தப் படகு எந்தத் தெருவுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு தெருவுக்கு நான்கு படகு வந்தது. அடுத்த தெருவுக்கு ஒன்றுகூட வரவில்லை.

அந்த அடுத்த தெருவை நினையுங்கள், தோழர்களே.

தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் போனோம். சுவரில் விசிறிச் சுவிட்சுக்கும் மேலே சேற்றுக் கோடு. ஐஸ்பெட்டி மல்லாந்து விழுந்து சமையல்கட்டு வாசலை அடைத்துக் கிடந்தது. சாமி மேடையில் முருகன் படம் உப்பிப்போய், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சேறு. தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ், கல்யாணப் போட்டோ எல்லாம் ஒரே களியாக ஒட்டிக் கிடந்தன. தெருவெங்கும் மெத்தை மலை. அதன் நாற்றம் வாரக்கணக்கில் போகவில்லை.

நாடு முழுவதும் 50-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சொத்து நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூரில் மட்டும். குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உதவித்தொகை அறிவித்தார்கள். ஒரு வீட்டின் வாழ்நாள் சம்பாத்தியம் சேற்றில் கிடந்தது. அதற்கு 1,000 ரிங்கிட். அதற்கும் பாரம் நிரப்ப வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். நிவாரண மையத்தில் பெயர் இருக்க வேண்டும். அக்காள் வீட்டுக்கு ஓடிப்போனவர், நான் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவன்தான் என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இதற்குப் பிறகும் வாய் மூடியிருப்போமா?

இந்த நாட்டில் திட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. திட்டங்கள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்று பாருங்கள். 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்தது. 48 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு 1994-இல் ஸ்மார்ட் மீட்புக் குழு வந்தது. 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் ஆணை வந்தது. 2014 கடைசியில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூறையாடியது. அதற்குப் பிறகு 2015-இல் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிறுவனம் வந்தது. பிணம் விழும். பிறகு ஓர் இலாகா திறக்கும். பிணம் விழும். பிறகு ஓர் ஆணை வரும். பிணம் விழுவதற்கு முன்னால் நம் தெருவுக்கு வந்தது எது? சொல்லுங்கள், எது வந்தது?

அந்த 20-ஆம் ஆணையின் கீழ்தான் 2021-இல் எல்லாம் நடந்தது. மாவட்டம், மாநிலம், நாடு என்று மூன்று படி. மாவட்டப் படியில் மாவட்ட அதிகாரி தலைவர். போலீஸ் உண்டு. பொம்பா உண்டு. பொது தற்காப்புப் படை உண்டு. சுகாதாரம், சமூக நலம், வடிகால் இலாகா எல்லாம் உண்டு. நல்லது. அவர்களில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள் உண்டு. சம்பளத்துக்கு மேலே உழைத்தவர்கள் உண்டு. அவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. ஆனால் அந்த மேசையில் ஸ்ரீ மூடாவின் எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் ஏறும் என்று தெரிந்த அக்காவுக்கு நாற்காலி உண்டா? எந்த மதகு எப்போதும் அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்த அண்ணனுக்கு நாற்காலி உண்டா?

நாற்காலி தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள்!

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர். உலு கிள்ளான் மலையில் பிறந்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு கூடி, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, பெட்டாலிங், ஷா ஆலம் தாண்டி, கிள்ளான் பட்டணத்தை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஆறு ஒன்று. அதிகாரம் எத்தனை? கோலாலம்பூர் மாநகர் மன்றம் கூட்டரசுப் பிரதேசத்தின் கீழ். மற்றவை சிலாங்கூர் மாநிலத்தின் கீழ். பெட்டாலிங் ஜெயாவுக்கு ஒரு மன்றம். சுபாங் ஜெயாவுக்கு ஒன்று. ஷா ஆலமுக்கு ஒன்று. கிள்ளானுக்கு ஒன்று. மேலே ஒருவர் மலையை வெட்டி வீடு கட்டுவார். கீழே இன்னொருவர் வீட்டில் சேறு வந்து விழும். கேட்டால், அது எங்கள் எல்லை இல்லை என்பார்கள்.

1971 ஜனவரியில் கோலாலம்பூர் நடு நகரமே மூழ்கியது. அதன்பின் ஆற்றை வெட்டினார்கள், அகலப்படுத்தினார்கள். 2007-இல் ஸ்மார்ட் சுரங்கத்தைத் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம். வெள்ளம் வந்தால் கார்களை நிறுத்திவிட்டு, தண்ணீரை நகருக்கு அடியில் கொண்டுபோகும். பெரிய வேலை, அதைக் கட்டிய தொழிலாளர்களைக் கும்பிடலாம். அது நடு நகரைக் காக்கிறது. அந்தத் தண்ணீரும் கடைசியில் வந்து சேர்வது இதே ஆற்றில்தான். கீழே இருப்பது நாம்தான். மலை முதல் துறைமுகம் வரை ஒரே திட்டம் வேண்டும். மேலே மதகு திறக்கிறவர் கீழே இருக்கிறவருக்குச் சொல்லிவிட்டுத் திறக்கும் திட்டம் வேண்டும். கீழே இருக்கிறவர் கையெழுத்துப் போட்ட திட்டம் வேண்டும்.

அதுவரை பள்ளத்தாக்கில் பள்ளத்தில் கிடப்பது நம் வீடுதான்.

ஏன் நம் வீடு பள்ளத்தில் இருக்கிறது? நம் பாட்டன் ரப்பர் வெட்டிய இடம் இன்று பட்டணம். ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல். தோட்டம் விற்றார்கள். லயம் உடைத்தார்கள். கோயிலை நகர்த்தினார்கள். சனத்தை ஆற்றோரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் மலிவு விலைப் பிளாட்டுக்கும் அனுப்பினார்கள். மேட்டு நிலம் காசுள்ளவனுக்கு. தாழ்நிலம் நமக்கு. வெள்ளத்தின் வரைபடத்தையும் தோட்டம் விட்டு வந்தவர்களின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், தோழர்களே.

வெள்ளம் மட்டும்தானா? 2022 டிசம்பர் 16, பத்தாங் காலியில் நள்ளிரவு தாண்டி மண் சரிந்தது. கூடாரத்தில் தூங்கிய 31 பேர் போனார்கள். 2024 ஆகஸ்ட் 23, மஸ்ஜித் இந்தியாவில் பட்டப்பகலில் நடைபாதை வாய் பிளந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் 8 மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். 9 நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் நடக்கிற தெரு அது. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானத்துக்கு எழுந்தது. செருப்புக்கூடப் போடாமல் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். சுடுகிற தாரில் கால் வெந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயம்பட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டன.

உங்கள் தாமானுக்கு அடியில் என்ன குழாய் ஓடுகிறது? தெரியுமா? எந்தத் திசையில் ஓட வேண்டும்? உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாமல் தூங்குகிறோம். ஒவ்வோர் இரவும் தெரியாமல் தூங்குகிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் தோழர்களே, உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 1881-இல் கோலாலம்பூர் தீயில் வெந்தது. அதே ஆண்டு வெள்ளத்திலும் கரைந்தது. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்றார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட மண்தான் உங்கள் காலடியில் இருக்கிற மண். பேரிடருக்குப் பதில் சொல்லவே பிறந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ்!

இன்று அந்த ஊரில் ஜாலான் தெபிங்கில், ஆற்றோரத்தில், மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பார்வையற்ற தோழர்கள் வாழ்கிறார்கள். மசாஜ் நிலையம் நடத்துகிறார்கள், ரயில் பிடிக்கிறார்கள், வெள்ளைக் கைத்தடியால் நடைபாதையின் மஞ்சள் வரிகளைத் தடவித் தடவி நடக்கிறார்கள். அந்த வரிகளின்மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற நாம், தண்ணீர் ஏறினால் அவர்களை எப்படி அழைத்துப் போவோம்? வரி தண்ணீருக்கடியில் போனால் கைத்தடி எதைத் தேடும்? ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க ஒருவர் வேண்டும். இன்னாருக்கு இன்னார் என்று முன்கூட்டியே பேசி வைத்த ஒருவர். போய்க் கேளுங்கள். அவர்களையே கேளுங்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம்தான் இதுவரை கேட்கவில்லை.

முடியுமா என்று கேட்கிறீர்களா? வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில் போலா புயல் அங்கே குறைந்தது 3 இலட்சம் பேரைக் கொண்டுபோனது. நம்மைவிட ஏழை நாடு. 1972-இல் புயல் தயார்நிலைத் திட்டம் தொடங்கினார்கள். கிராமத்து ஆளே தொண்டர். கையில் ஒலிபெருக்கி, சைரன், கொடி. வானிலை அறிவிப்பு வந்தால் வீடு வீடாகப் போவார்கள். இன்று பல்லாயிரம் தொண்டர்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அதே கரையில் அதே புயல்கள் இப்போதும் வருகின்றன. இலட்சக்கணக்கில் செத்த இடத்தில் இப்போது சாவு மிகமிகக் குறைந்துவிட்டது. சேற்றில் நின்ற ஏழை சனம் கூடிச் சாதித்தது அது.

அந்த நாட்டிலிருந்து வந்த தம்பி இன்று உங்கள் தொழிற்சாலையில், உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கிறான். கீழ்த்தளத்து விடுதி அறையில் தூங்குகிறான். வெள்ள எச்சரிக்கை அவன் மொழியில் வருவதில்லை. நம் மொழியிலும் பெரும்பாலும் வருவதில்லை. அவனிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவன் கதவையும் தட்டுங்கள். வெள்ளம் பாஸ்போர்ட் கேட்பதில்லை. நாமும் கேட்கக் கூடாது.

தொழிலாளத் தோழர்களே, இதைக் கேளுங்கள். 2021-இல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது ஷிப்டு முடியட்டும் என்று நின்றவர்கள் உண்டு. பாதி நாள் சம்பளம் போகும் என்று நின்றவர்கள் உண்டு. இனி நிற்க வேண்டியதில்லை. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், அதை முதலாளி சரிசெய்யாவிட்டால், வேலை இடத்தை விட்டு வெளியேறும் உரிமை அதில் இருக்கிறது. அது சட்டம். யாரும் போட்ட பிச்சை இல்லை. சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் பயமாக இருக்கும். பத்துப் பேராகச் சொல்லுங்கள். நூறு பேராகச் சொல்லுங்கள்!

பயம் நமக்குப் புதிதில்லை. கிள்ளானுக்கு அது நன்றாகத் தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழன் தலைநிமிர்ந்து சைக்கிளில் போக முடியாது. எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். இறங்க மாட்டோம் என்று ஒரு நாள் சொன்னார்கள். கூலியை உயர்த்து என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடு, நோய்க்கு மருந்து கொடு என்றார்கள். தமிழ் நேசனில் வேலை செய்த ஆர்.எச். நாதன் முன்னே நின்றார். மே மாதம் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. துருப்புகள் வந்தன. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. கையில் போன் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது. தைரியம் இருக்கிறதா?

அதை மட்டும்தான் கேட்கிறோம். அநியாயத்தைப் பற்றி விவாதம் வேண்டாம். அது நம் சுவரில் சேற்றுக் கோடாகக் கிடக்கிறது. தைரியம் இருக்கிறதா, தோழர்களே?

நமக்கெதற்கு வம்பு என்று ஒரு குரல் கேட்கும். அதைத் தாண்டுங்கள். கோயில் தலைவர் கோபித்துக்கொள்வார் என்று ஒரு குரல் கேட்கும். அதையும் தாண்டுங்கள். கோயில் மண்டபத்துச் சாவிக்காக இரண்டு கோஷ்டி கோர்ட்டுக்குப் போகிற காலம் இது. அந்தச் சாவி வெள்ள இரவில் திறக்க உதவாவிட்டால் எதற்கு அந்த மண்டபம்? எந்தக் கட்சி, எந்தச் சங்கம், எந்த ஊர்க்காரர் என்று கேட்பார்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது வேலை.

நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் தெருவில் எத்தனை கதவு? எழுதுங்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடப்பவர்? எந்த வீட்டில் கைக்குழந்தை? எந்த வீட்டில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர்? இதைக் கட்டாயம் எழுதுங்கள். நம் சனத்தில் எத்தனை வீட்டில் இனிப்புநீர், எத்தனை வீட்டில் சிறுநீரகக் கோளாறு என்று உங்களுக்கே தெரியும். மூன்று நாள் தண்ணீர் நின்றால் அவருடைய சுத்திகரிப்பு மூன்று நாள் நிற்கும். கூரையில் இருந்தும் செத்துப்போகலாம். அவர் பெயர் முதல் படகுக்கு. இன்சுலின் போடுகிறவருக்கு ஐஸ் எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள்.

படகை எழுதுங்கள். யாரிடம் படகு? யாரிடம் கயிறு? யாரிடம் உயரமான லோரி? காப்பாரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் படகு வைத்திருக்கிற மீனவர்களை இன்றே பழக்கம் பிடியுங்கள். வெள்ளத்தன்று அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

பத்திரங்களைப் பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் தாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்புங்கள். அசலைப் பிளாஸ்டிக்கில் கட்டி உயரத்தில் வையுங்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிற பாட்டிகளை, பத்திரமே இல்லாத பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். எந்த வரிசையிலும் முதலில் கேட்பது அட்டை. அந்த வரிசையில் அவர்களோடு நாமும் நிற்போம்.

மன்றத்துக்கு எழுதுங்கள். எழுத்தில் எழுதுங்கள். நம் தாமானின் நீர் இறைக்கும் பம்பு ஓடுகிறதா? கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள்? டீசல் இருக்கிறதா? கரண்டு போனால் என்ன? வெள்ளத் தேக்கக் குளத்தைத் தூர் வாரியது எப்போது? முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் திரும்ப எழுதுங்கள். பத்துப் பேர் கையெழுத்துக்குப் பதில் வராவிட்டால் ஆயிரம் பேர் கையெழுத்துப் போடுங்கள்.

மலைச்சரிவில், ஆற்றோரத்தில் புதுக் கட்டடத்துக்கு இடம் ஒதுக்கும் திட்டம் வருகிறதா? ஊராட்சி மன்றம் வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் சொல்கிறது. போய்ப் பாருங்கள். ஆட்சேபம் எழுதுங்கள். மேம்பாட்டு நிறுவனத்தின் ஆட்கள் தவறாமல் போகிறார்கள். நாம்தான் போவதில்லை. நாம் போகாத அந்த நாளில்தான் நம் வீட்டு வெள்ளம் முடிவாகிறது.

இளைஞர்களே! பொது தற்காப்புப் படையில் தொண்டராகச் சேருங்கள். 1952-இல் இருந்து இருக்கிற படை. முதலுதவி, படகு, கயிறு, நீச்சல், எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். தாய்க்குலமே, நீங்களும் சேருங்கள். வெள்ளத்தின்போது வீட்டில் இருப்பது நீங்கள். யார் எந்த அறையில் தூங்குகிறார் என்று தெரிந்திருப்பது நீங்கள். நிவாரண மையத்தில் திரை இல்லாமல் துணி மாற்றத் தவிப்பது நீங்கள். திட்டம் போடும் மேசையில் பாதி இடம் உங்களுடையது. பாதிக்குக் குறைந்தால் விடாதீர்கள்!

எச்சரிக்கை தமிழில் வர வேண்டும். சைரன் அடித்தபின் தமிழில் சொல்ல வேண்டும். மின்னல் எப்.எம். பாட்டை நிறுத்தி, எந்த ஆறு, எந்தத் தாமான், எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள். அது வரும்வரை நாமே செய்வோம். வானிலை அறிவிப்பையும் ஆற்று நீர்மட்டத்தையும் பார்க்க ஒருவர். அதைத் தமிழில் ஒரு நிமிடக் குரல் பதிவாக்க ஒருவர். ஐம்பது குழுக்களுக்கு அனுப்ப ஒருவர். கேட்காத வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர். தெருவுக்கு நான்கே பேர். உங்கள் தெருவில் நான்கு பேர் இல்லையா?

அக்கம்பக்கத்து மலாய்க்காரரை, சீனரைச் சேர்க்காமல் தொடங்காதீர்கள். சூராவுக்குப் போங்கள். தோக்கோங்குக்குப் போங்கள். ருக்குன் தெத்தாங்காவில் உட்காருங்கள். 2021-இல் ஒரே படகில் உட்கார்ந்தோம். திட்டத்திலும் ஒன்றாக உட்காருவோம்.

2025 ஏப்ரலிலும் கிள்ளான், பெட்டாலிங் மாவட்டங்களில் தண்ணீர் ஏறியது. மறுபடியும் நிவாரண மையம். மறுபடியும் மெத்தைகள் வாசலில். இன்னும் எத்தனை முறை? இன்னும் எத்தனை முறை, தோழர்களே? ஸ்ரீ மூடாவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து அழுகிற குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நாளைக்கு என்ன சொல்வோம்? தெரிந்தும் சும்மா இருந்தோம் என்று சொல்வோமா?

சும்மா இருந்தால் செத்தவர்கள் பட்டியலில் அடுத்த பெயரை நாம்தான் எழுதுகிறோம்.

எழுந்திருங்கள்! இன்றிரவு பத்துக் கதவு தட்டுங்கள். கிள்ளானில் தட்டுங்கள். பிரிக்பீல்ட்ஸில் தட்டுங்கள். செந்தூலில், பூச்சோங்கில், காப்பாரில், பத்து தீகாவில் தட்டுங்கள். திறக்காத கதவை நாளைக்கும் தட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, அவரவர் தாமானில் கூடுங்கள். கோயில் மண்டபத்தில் கூடுங்கள். மண்டபம் திறக்காவிட்டால் வாசலில் கூடுங்கள். வாசலில் இடம் தராவிட்டால் தெருமுனை மரத்தடியில் கூடுங்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். பேனா கொண்டுவாருங்கள். எதிர்வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் தெருவின் கதவுகள் எல்லாம் எழுதி முடித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, அந்த நோட்டோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறோம்!